மூன்றாம் அரங்கில் ஒரு சம்பந்தி

இனிமேல் அருங்காட்சியக அரங்கங்களில் காவலுக்கு ஆள் உட்கார மாட்டார்களாம். கேமரா பார்த்துக்கொள்ளுமாம். பார்வையாளர் கைபேசியை நீட்டினால் அதுவே படைப்பைப் பற்றி எடுத்துச் சொல்லுமாம். நல்லதுதான். கேமராவுக்கு முதுகு வலிக்காது, மதியச் சாப்பாட்டுக்கு மேல் கண் சொக்காது, மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்காது. ஆனால் அங்கே ஓர் ஆள் எதற்காக உட்கார்ந்திருந்தான் என்று யோசிக்காமலே அந்த நாற்காலியை எடுக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

செய்தியைச் சொல்ல அம்பத்தூரில் என் வீட்டுக்கே வந்தவள் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்க்கிற பெண். வந்தவள் எனக்கும் ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் அரங்கில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களாம். பொம்மை எழுந்து நின்றது என்கிறான் ஒருவன். பொம்மை வாய் திறந்து பேசியது என்கிறாள் இன்னொருத்தி. கூட இருந்து பார்த்தவர் நீங்கள், எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். கண்ணும் மூக்கும் வைத்துப் பேசுவதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. பொம்மை எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அப்படி நடந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தேன். அளவுகோலில் அகப்படாததை நம்பாத வேலை. கம்பெனி மூடியது. பல வருடம் பூட்டிக் கிடந்த ஷெட்டை ஓர் அறக்கட்டளை வாங்கி, வெள்ளையடித்து, நவீன கலை அருங்காட்சியகம் ஆக்கியது. கூரை எங்கே ஒழுகும், எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் என்பதற்காக என்னை வைத்துக்கொண்டார்கள். லேத் நின்ற இடத்தில் உடைந்த கண்ணாடியைக் குவித்து அதைப் படைப்பு என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளம் வாங்குகிறவன் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சில வருடத்தில் சிரிப்பு தானாகவே போய்விட்டது.

எங்கள் தலைவி நளினி மேடம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். விரலை நீட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு படைப்பைக் காட்ட வேண்டுமென்றால் அதன் பக்கம் திரும்பி நின்றுவிடுவார், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். முடியாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, வேறு எப்படிச் செய்யலாம் என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு படைப்பின் முன்னால் மதியம் முழுக்க உட்கார வைப்பார். சாயங்காலம் வந்து என்ன பார்த்தாய் என்று கேட்பார். புரிந்ததா என்று கேட்கவே மாட்டார்.

மூன்றாம் அரங்குக்கு அந்த மனிதர் வந்தது ஒரு வருடத்துக்கு இரவலாக. மனிதர் என்றே எழுதுகிறேன், கை அப்படித்தான் போகிறது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெளுத்த கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, வேட்டி, ரப்பர் செருப்பு. இரண்டு கையும் முழங்கால் மேல் இருக்கும். யாராவது கூப்பிட்டால் திரும்பப் போகிறவர் போலத் தலை லேசாகச் சாய்ந்திருக்கும். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு நாற்காலி காலியாகக் கிடக்கும். பார்வையாளர்கள் அதில் உட்காரலாம், அதுவும் படைப்பில் சேர்த்தி. உடம்பு சிலிகோன். தலைமுடி, புருவம், கை ரோமம் எல்லாம் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட்டது. தாடையில் இரண்டு நாள் சவரம் செய்யாத நரை முள் தெரியும்.

காலையில் கதவு திறக்கும் முன் அவரைப் பரிசோதிப்பது என் வேலை. பருத்திக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் தூசி தெரியும். மெல்லிய தூரிகையால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் தட்ட வேண்டும். விரல் இடுக்குகளை விட்டுவிடக் கூடாது. கண்ணை வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்தை அழுத்திக் காற்று விட வேண்டும். சில நாள் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக ஏதோ கசிந்திருக்கும். அது எண்ணெய்தான், சிலிகோனுக்குள் இருப்பது சூட்டில் மேலே வரும் என்று படைப்புகளைப் பழுதுபார்க்கும் நிபுணர் விளக்கினார். ஒற்றுத்தாளை அழுத்தாமல் வைத்து எடுக்கச் சொன்னார். விளக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஓர் ஆளின் மேலுதட்டு வேர்வையை நித்தம் ஒற்றி எடுத்துப் பாருங்கள், விளக்கம் எவ்வளவு தூரம் துணைக்கு வருகிறது என்று தெரியும்.

அங்கே காவலுக்கு உட்கார்ந்தவர்கள் சாப்பிடப் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு யாரும் சிரிக்காமலே சொன்னார்கள். ஒரு நாள் தீ ஒத்திகை. சங்கு ஊதியதும் அரங்கில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டுக் காவலர் கடைசியாக வர வேண்டும். ஆவடியிலிருந்து வரும் கோபால் மூச்சிரைக்க ஓடி வந்தான். எல்லாரும் வந்துவிட்டார்கள், அந்தப் பெரியவர் மட்டும் எவ்வளவு கூப்பிட்டும் வர மாட்டேன் என்கிறார் என்றான். மைதானமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மறுநாளே வேறு அரங்கு கேட்டு வாங்கிக்கொண்டான். நானும் சிரித்தவன்தான். அன்று விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது, வரேங்க என்றேன். யாரிடம் சொன்னேன் என்று படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மாதம் ஒரு முறை ஊர் நாள் நடத்துவோம். அது என் பொறுப்பு. அடுக்குமாடிக்காரர்கள் தாங்களாகவே காரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாரிவாக்கம், வெள்ளானூர் என்று பழைய ஊர்க்காரர்களுக்குத்தான் உள்ளே விடுவார்களா என்ற தயக்கம். அவர்களை வேன் வைத்து அழைத்து வந்து, சுற்றிக் காட்டி, மோர் கொடுத்து அனுப்புவோம்.

பாரிவாக்கத்து வேனில் வந்தவர் லோகநாயகி. ஒரு குடியிருப்பின் வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவர். மூன்றாம் அரங்குக்குள் நுழைந்ததும் கூட வந்த பெண்கள் ஐயோ உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இந்த அம்மா மட்டும் பேசாமல் போய் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். வேன் கிளம்பும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"இவரு எங்க ஊட்டுக்காரரு சார்" என்றார்.

இப்படிச் சொல்கிறவர்கள் அவ்வப்போது வருவார்கள். எங்க மாமா மாதிரி, எங்க வாத்தியார் மாதிரி என்பார்கள். அவர்களுக்குச் சொல்கிற பதிலையே சொன்னேன், இது பொம்மை அம்மா என்று.

"பொம்மைன்னு தெரியுது சார். யாரைப் பாத்துப் பண்ணாங்கன்னு கேக்கறேன். இடது கை சுண்டு விரலு நிமிராது பாருங்க. பம்புசெட்டு பெல்ட்டுல மாட்டிக்கினது."

அந்த அம்மா உட்கார்ந்திருந்தது பொம்மையின் வலது பக்கம். அங்கிருந்து இடது கைச் சுண்டு விரல் தெரியாது. அந்த மடங்கிய விரலின் இடுக்கில் தினமும் தூரிகை விட்டவன் நான்.

மோர் குடிக்க வைத்து, விவரம் கேட்டேன். கணவர் பெயர் ஏகாம்பரம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், போனவர்தான். சண்டை இல்லை, கடன் இல்லை, குடி இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று இந்த அம்மா போகாத இடம் இல்லை. "செத்தாகூட ஒரு சேதி வரும் சார். இவரு ஒரு வார்த்தை சொல்லாம போனாரு. அதான் ஆறல" என்றார். அழவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது.

அந்தப் பொட்டுதான் அப்போது அவருக்குப் பிரச்சினை. ஒரே மகள் பவித்ராவுக்கு வெள்ளானூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஆறுமுகம்தான் அந்த வீட்டில் எல்லாம். அவர் ஒரே பிடியாக நின்றார். பெண்ணுக்கு அப்பா இருக்கிறார் என்றால் அவர் வந்து தட்டு வாங்கட்டும். இல்லை என்றால் காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, பெண்ணின் சித்தப்பா முன்னால் நிற்கட்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்குகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். உயிரோடு இருப்பார் என்று நம்புகிறவருக்குக் காரியம் செய்து தாலியை இறக்க லோகநாயகியால் முடியவில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை. இடையில் மகளின் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது.

லோகநாயகியை அழைத்துக்கொண்டு நளினி மேடத்திடம் போனேன். அவர் அன்றைக்கே சிற்பி பிரகாஷைக் கூப்பிட்டு, எங்கள் முன்னாலேயே போனை ஒலிபெருக்கியில் வைத்தார். பிரகாஷுக்கு நன்றாக நினைவிருந்தது. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரைக் கேட்டுப் பார்த்தாராம், ஒத்துக்கொண்டாராம். பல் டாக்டர் அச்சு எடுக்கிற மாவு இருக்கிறதே, அதையே முகத்தில் பூசி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு அச்சு எடுப்பார்கள். அதற்குக் கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். எல்லாம் முடிந்து முகத்தைக் கழுவிய பிறகு அந்த மனிதர் கேட்டது ஒன்றுதானாம். "கண்ணை மூடி வெச்சிடாதப்பா, செத்தவன் மாதிரி கீது" என்றாராம். அதனால்தான் கண் திறந்திருக்கிறது என்றார் பிரகாஷ். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை, பெயரும் கேட்கவில்லை.

அச்சு எடுத்தது எப்போது என்று மேடம் கேட்டார். பிரகாஷ் சொன்ன தேதி, ஏகாம்பரம் காணாமல் போய் வெகு காலம் கழித்து. அப்போது உயிரோடு இருந்திருக்கிறார், அதுவும் வீட்டிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடக் கூடிய தூரத்தில். லோகநாயகியின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அந்தத் தூரம் புரிந்தது. அப்போதுதான் அழுதார். நாங்கள் பூந்தமல்லியில் ஆள் விட்டு விசாரித்தோம். அப்படி ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்றார்கள்.

அதன் பிறகு லோகநாயகி கடையை ஏறக்கட்டிய கையோடு மதியத்தில் வந்துவிடுவார். நாங்கள் நுழைவுச்சீட்டுக் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். இட்லி மாவு புளித்தது, பவித்ராவுக்கு ஆபீசில் இடம் மாற்றியது, இப்படித்தான். ஒரு நாள் மின்சாரம் நின்று ஏசி ஓய்ந்தது. அந்த மனிதரின் நெற்றியில் முத்து அரும்பியது. இந்த அம்மா வெடுக்கென்று முந்தானையால் துடைத்துவிட்டார். தொடக் கூடாது என்று நான் ஓடி வருவதற்குள் யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கித்தான் இருந்தது. ஆனால் இனி அந்த அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். கொடுத்தேன். அந்த அம்மா கையுறை போட்டுக்கொண்டு கணவரின் நெற்றியை ஒற்றுத்தாளால் ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு அவர் மேல் இரக்கம் வந்ததைவிட அந்த நாற்காலியில் இருந்தவர் மேல் பயம்தான் வந்தது. துடைப்பதற்காக அவர் முகத்தைக் கொஞ்சம் கொடுக்கிறார் என்று தோன்றியது. தரப் பரிசோதகனுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது.

ஆறுமுகம் மட்டும் மசியவில்லை. எப்போதோ உயிரோடு இருந்ததெல்லாம் கணக்கில்லை, ஆளைக் கொண்டு வா என்றார். மார்கழி வருவதற்குள் முடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றும் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் லோகநாயகி மேடத்திடம் வந்து அதைக் கேட்டார். ஒரே ஒரு காலைப் பொழுது அவரைக் கொடுங்கள், வேனில் அலுங்காமல் கொண்டு போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார். இரவல் வாங்கிய படைப்பு கட்டடத்தை விட்டு வாசல்படி தாண்ட முடியாது, ஒப்பந்தம் அப்படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அவர் வெளியே போக முடியாதும்மா. நீங்க எல்லாரும் உள்ளே வரலாமே" என்றார்.

ஆறுமுகத்தை ஒரு மதியம் அழைத்து வந்தார்கள். கண்புரை விழுந்த பெரியவர். தடியைத் தட்டிக்கொண்டு வந்து நாற்காலி அருகே நின்று குனிந்து பார்த்தார். பொம்மைக்கு முன்னால் தட்டு மாற்றச் சொல்கிறாயா என்று கேட்டார்.

"ராமரு யாகம் பண்ணப்போ பக்கத்துல யாரு பெரியவரே உக்காந்தா? தங்கத்துல செஞ்ச சீதைதானே. சாமிக்கே செல்லும். உங்களுக்குச் செல்லாதா?" என்றார் லோகநாயகி.

அவர் தடியால் தரையைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். சம்மதம்தான், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்பேன், அப்பன் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும் என்றார். ஏகாம்பரத்தின் சார்பில் அவர் தம்பி, அதாவது பெண்ணின் சித்தப்பா, பின்னால் நின்று பதில் சொல்வது என்று முடிவாயிற்று.

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ திறப்பு விழா நடத்தியிருக்கிறேன். இதைப் போல ஒன்று என் தலையைத் தின்றதில்லை. அரங்குக்குள் விளக்கு ஏற்றக் கூடாது, சூடம் கூடாது, ஊதுவத்தி கூடாது. சந்தனம், குங்குமம் சட்டையில் பட்டால் போகாது. பூ கூடவே கூடாது, பூவோடு பூச்சி வரும், பூச்சி வந்தால் ரோமத்தை அரிக்கும். நிச்சயதார்த்தத்துக்கு வருகிற பெண்களிடம் தலைப் பூவை எடு என்று எப்படிச் சொல்வது? வாசலில் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் ஈரத் துணி போட்டு வைத்தேன். ஒவ்வொருவரும் மல்லிகையைக் கழற்றி அதில் வைத்துவிட்டு உள்ளே போய், திரும்பும்போது எடுத்துக்கொள்வது. அபசகுனம் என்று ஒரு அம்மாள் முனகினார். லோகநாயகி முதல் ஆளாகத் தன் பூவை எடுத்து வைத்தார். மற்றவர்கள் பேசாமல் பின்தொடர்ந்தார்கள். தலையில் பூ இல்லாமல் பட்டுப் புடவைகளோடு அந்தப் பெண்கள் வெள்ளைச் சுவரோரம் வரிசையாக நின்றபோது, அது நிச்சயதார்த்தக் கூட்டம் மாதிரி இல்லை. வேறு ஏதோ காரியத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. பொதுப் பார்வையாளர்களும் கதவோரம் நின்று பார்த்தார்கள், அவர்களைத் தடுக்க வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். அதிகாலையிலேயே நான் அவரைத் துடைத்து, ஏசியைக் கூட்டி வைத்திருந்தேன். காலி நாற்காலியில் லோகநாயகி உட்கார்ந்தார். பவித்ரா வந்து விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது; அம்மாவுக்காகச் செய்தாள். ஆறுமுகம் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்த தட்டை எடுத்து, அந்த இரண்டு கைகளுக்கு நேராக நீட்டினார். நான் பக்கத்தில் நின்று தட்டைக் கீழே இருந்து தாங்கிக்கொண்டேன், அதுதான் ஏற்பாடு.

"சம்பந்தி, எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கேக்கறோம். சம்மதமா?"

சித்தப்பா பதில் சொல்ல வேண்டும். நான் தட்டோடு குனிந்திருந்ததால் அந்த முகம் எனக்கு வெகு அருகில் இருந்தது. மேலுதட்டில் முத்து அரும்பிக்கொண்டிருந்தது. ஆள் கூடினால் சூடு ஏறும், சூடு ஏறினால் எண்ணெய் கசியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தப்பாவிடமிருந்து சத்தம் வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தபடி வாய் அடைத்து நின்றுவிட்டார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆறுமுகம் தட்டைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் தட்டைப் பின்னால் இழுத்துவிடுவார் என்று புரிந்தது.

"சம்மதம்."

குரல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். ஆறுமுகத்துக்குக் கண் சரியாகத் தெரியாது, நேரே பொம்மையைப் பார்த்துத் தலையாட்டினார். மற்றவர்கள் சித்தப்பாதான் சொன்னார் என்று நினைத்தார்கள். சித்தப்பா வாயே திறக்கவில்லை என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர், அவர்கள் பொம்மையைப் பார்த்து வெளிறிப்போனார்கள். இப்போது சுற்றுகிற கதைகள் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

நான் நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். அவர் அங்கே நின்றார். நான் நித்தம் துடைத்த நெற்றி, அதே சாய்ந்த தலை. ஆனால் வயது கூடி, முடி கொட்டி, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நாற்காலியில் இருந்தவரைவிட அவர்தான் பொம்மை மாதிரி இருந்தார். இடது கை கதவின் நிலையைப் பிடித்திருந்தது. சுண்டு விரல் மடங்கியிருந்தது.

லோகநாயகி திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. "சொல்லிட்டாரில்ல. தட்டை மாத்துங்க" என்றார்.

தட்டு மாறியது. குலவைச் சத்தம் எழுந்ததும் நான் கையை எடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் பூ வைத்த அண்டாவைத் தாண்டி கேட்டருகே போய்விட்டிருந்தார். அந்த வீடியோவைப் பார்த்து வந்தாரோ, யாராவது சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. உள்ளே வாங்க ஐயா, உங்க பொண்ணுக்கு நிச்சயம் என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். கோபமோ வெட்கமோ எதுவும் இல்லாத பார்வை. நான் காற்று ஊதித் தூசி தட்டுகிற கண் அது.

"நான்தான் உள்ள கீறேனே சார்" என்றார்.

வெய்யிலில் இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பயந்தது அந்த ஒரு நிமிடம்தான், அதுவும் பட்டப்பகலில், பழக்கடை வண்டியும் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்த தெருவில்.

கல்யாணம் மாங்காட்டில் நடந்தது. அப்பா சம்மதம் சொன்ன பிறகு சித்தப்பா தாரை வார்த்துக் கொடுப்பதில் ஆறுமுகத்துக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குப் பத்திரிகை வந்தது. ஏகாம்பரம் பெயர் அவர் உயிரோடு இருக்கிறவராகவே அதில் இருந்தது.

இரவல் காலம் முடிந்தது. படைப்பை வெளிநாட்டில் யாரோ வாங்கிவிட்டார்கள். பெட்டியில் அடைக்கும் தேதி முடிவானதும் நான் லோகநாயகிக்கு போன் செய்தேன். மேடம்தான் சொல்லச் சொன்னார். கடையை மூடிவிட்டு வந்தார். மரப்பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே நாற்காலியில் இருந்தவரின் உடம்புக்கு அளவெடுத்து வெட்டிய வெள்ளை நுரைப்பஞ்சு. லோகநாயகி அதைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார், பிறகு பக்கத்தில் போனார்.

அன்று கதவருகே நின்றவரைப் பற்றி நான் அதுவரை அவரிடம் சொல்லவில்லை. இனி சொல்லாமல் இருக்கக் கூடாது என்று சொன்னேன்.

"குரலு தெரியாதா சார் எனக்கு? திரும்பினா எல்லாரும் திரும்புவாங்க. அப்பால அது நிச்சயதார்த்தம் இல்ல, பஞ்சாயத்து" என்றார்.

அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியில் இருந்தவரின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை எடுத்து நேராக்கினார். கையில் கையுறை இல்லை, நான் தடுக்கவில்லை. எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். கப்பலில் போகிறது, வெகு தூரம் என்றேன். திரும்பி வருவாரா என்றார். வர மாட்டாரம்மா என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லோகநாயகி அந்த முகத்தின் பக்கம் குனிந்தார். நெற்றியை முந்தானையால் ஒற்றினார்.

"பரவால்ல சார்" என்றார். "இந்த தபா சொல்லிக்கினு போறாரு."